கூகுளில் தேடுவதா, கூகுள் செய்வதா? மென்பொருள் பெயர்களைத் தமிழில் எழுதப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஊரடங்குக் காலத்தில் நான் வேலை பார்த்த வார இதழில், இலவசத் தையற்பயிற்சி வகுப்பைப் பற்றி நான்கு வரி அறிவிப்பு ஒன்றை எழுதினேன். "சனிக்கிழமை மாலை 5 மணிக்கு ஸூமில் வகுப்பு நடைபெறும்" என்பது கடைசி வரி. வகுப்பு நடந்தது வேறொரு செயலியில். அந்த நாள்களில் காணொலிக் கூட்டம் எதுவானாலும் எங்கள் அலுவலகத்தில் அதற்கு ஸூம் என்றே பெயர். கை தானாக அப்படி எழுதிவிட்டது.

திங்கட்கிழமை காலையில் ஓர் அம்மா தொலைபேசியில் அழைத்தார். பேரனிடம் சொல்லி ஸூம் செயலியைத் தரவிறக்கி, அறிவிப்பில் இருந்த குறியீட்டை எழுத்தெழுத்தாக இட்டுப் பார்த்திருக்கிறார். நாங்கள் அச்சிட்டிருந்தது ஆங்கில எழுத்துகளால் ஆன குறியீடு. ஸூம் கேட்பதோ எண்களை. அரை மணி நேரம் முயன்றுவிட்டு, தனக்குத்தான் இதெல்லாம் வரவில்லை என்று நினைத்துச் செல்பேசியை மூடி வைத்துவிட்டாராம். அவர் கோபப்படவில்லை. "அடுத்த வகுப்பாவது எதில் என்று சரியாகப் போடுங்கள் தம்பி" என்றார்.

அந்த அம்மா தவறாக எதுவும் செய்யவில்லை. நான் எழுதியதை எழுதியபடியே நம்பினார். எனக்குப் பொதுச்சொல்லாகிவிட்ட ஒன்று அவருக்கு இன்னும் ஒரு குறிப்பிட்ட பொருளின் பெயராகவே இருந்தது. செய்தி எழுதவோ, செயலிகளையும் கையேடுகளையும் மொழிபெயர்க்கவோ, கணினிப் பாடம் எழுதவோ புதிதாக வந்திருக்கும் ஒவ்வொருவரும் இந்தப் பள்ளத்தைத் தாண்டியே ஆக வேண்டும். எப்படித் தாண்டுவது என்று நான் கற்றுக்கொண்டதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எழுதுபவருக்குப் பெரிய எழுத்து என்றொரு வசதி இருக்கிறது. முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டால் நிறுவனம், சிறிதாகப் போட்டால் தேடுகிற செயல் என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். டப்பாவில் அடைத்த இறைச்சியை 1937 முதல் ஸ்பேம் என்ற பெயரில் விற்றுவந்த ஹார்மெல் நிறுவனம், வேண்டாத மின்னஞ்சலுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டபோது, எங்கள் இறைச்சியைப் பெரிய எழுத்திலும் உங்கள் அஞ்சலைச் சிறிய எழுத்திலும் எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டது. தமிழில் அப்படிக் கேட்க வழியில்லை. நம் எழுத்தில் பெரியது சிறியது கிடையாது. பெயரா பொதுச்சொல்லா என்பதை நம் வாசகருக்குச் சொல்ல வேண்டியவை வேற்றுமை உருபும் பக்கத்தில் நிற்கும் சொல்லும்தான். அவை போதும் என்பதே என் அனுபவம்.

முதல் படி: நடந்தது என்ன என்று கேளுங்கள்

ஒரு மென்பொருளின் பெயர் பேனா முனைக்கு வந்ததும் நிறுத்துங்கள். அந்த மென்பொருள் உண்மையிலேயே பயன்பட்டதா, அல்லது அந்த வகை வேலை மட்டும் நடந்ததா? பயன்பட்டது என்று உங்களுக்குத் தெரிந்தால் பெயரை எழுதலாம். வேலை மட்டும் நடந்தது என்றால் வேலையின் பெயரை எழுதுங்கள். தெரியாவிட்டால், விசாரியுங்கள், விசாரிக்க முடியாவிட்டாலும் வேலையின் பெயரையே எழுதுங்கள்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் 'போட்டோஷாப்' என்ற ஒரு சொல் செய்திகளில் செய்திருக்கும் சேதத்தைப் பாருங்கள்.

1987-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த தாமஸ் நால், தன் மேக்கின்டாஷ் கணினியில் படங்களைச் சாம்பல் நிற அடுக்குகளில் காட்ட ஒரு சிறு நிரல் எழுதினார். திரைப்படக் காட்சிக்கலைத் துறையில் இருந்த அவருடைய சகோதரர் ஜான் நால் அதை வளர்க்கத் தூண்டினார். 1990 பிப்ரவரியில் அடோபி நிறுவனம் அதைப் போட்டோஷாப் என்ற பெயரில் வெளியிட்டது. இது பெயரின் கதை. அந்தப் பெயர் வினையாகித் தெருவுக்கு வந்த பிறகு நடந்தது வேறு கதை. திருமண ஆல்பத்தில் மாப்பிள்ளையின் முகத்தைப் பளிச்சென்று ஆக்கினாலும் போட்டோஷாப். இரண்டு தலைவர்கள் ஒரே மேடையில் நிற்பதுபோல் வெட்டி ஒட்டினாலும் போட்டோஷாப். நடக்காத வெள்ளத்தைச் செயற்கை நுண்ணறிவு வரைந்து கொடுத்தாலும் போட்டோஷாப்.

இவை மூன்றும் மூன்று வேறு செயல்கள். முதலாவது மெருகேற்றல், அதில் ஏமாற்று இல்லை. இரண்டாவது ஒட்டுப்படம், பொய்யாக இருக்கலாம், சுவரொட்டி வடிவமைப்பாகவும் இருக்கலாம். மூன்றாவதில் புகைப்படமே இல்லை, முழுவதும் உருவாக்கப்பட்டது. "அது போட்டோஷாப் செய்யப்பட்ட படம்" என்று ஒருவர் மறுப்பு சொன்னால், எதை மறுக்கிறார்? படத்தில் இருப்பது தான் அல்ல என்கிறாரா, தான்தான் ஆனால் இடம் வேறு என்கிறாரா, நிறம் மட்டும் மாற்றப்பட்டது என்கிறாரா? நீங்கள் அந்தச் சொல்லை அப்படியே தலைப்பில் தூக்கி வைத்தால் வாசகருக்கு எதுவும் தெரியாமல் போகும். 'திருத்தப்பட்ட படம்', 'இரண்டு படங்களை ஒட்டி உருவாக்கியது', 'செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய படம்' ஆகிய மூன்றில் ஒன்றை எழுத வேண்டுமானால் நீங்கள் முதலில் கண்டுபிடித்தாக வேண்டும். அந்த உழைப்பைத் தவிர்க்க உதவுவதால்தான் பொதுச்சொல்லாகிவிட்ட பெயர்கள் இவ்வளவு இனிக்கின்றன. புதியவர்கள் இதில் மிகக் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஒருவர் மீது சுமத்தப்படும் பொய்ப் பழி சில நேரம் இந்த ஒரு சொல்லின் தெளிவின்மைக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

இரண்டாம் படி: சொல்லின் பிறப்பைப் பாருங்கள்

கணினித் துறையிலிருந்து வந்த சொல் எல்லாம் நிறுவனப் பெயர் என்று மிரள வேண்டாம். சில, பிறக்கும்போதே ஊருக்குப் பொதுவாகப் பிறந்தவை. சில, வளர்ந்தபின் பொதுவாக்கப்பட்டவை. எது எது என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் பயம் போய்விடும்.

பிடிஎஃப் என்பது 1993-இல் அடோபி கொண்டுவந்த கோப்பு வடிவம். 2008-இல் அது பன்னாட்டுத் தர அமைப்பின் திறந்த தரநிலையானது. இன்று யார் வேண்டுமானாலும் பிடிஎஃப் உருவாக்கும் மென்பொருளை எழுதலாம். ஆகவே 'விண்ணப்பத்தைப் பிடிஎஃப் கோப்பாக அனுப்பவும்' என்று தயக்கமின்றி எழுதுங்கள். அதைத் திறக்க 'அக்ரோபேட் வேண்டும்' என்று எழுதினால்தான் தவறு. அது ஒரு விற்பனைப் பொருளின் பெயர். 'ஜிப்' கோப்பும் இப்படித்தான். 1989-இல் பில் காட்ஸ் அந்த வடிவத்தின் விவரக்குறிப்பை எல்லோரும் பயன்படுத்தும்படி திறந்து வைத்தார். 'ஜிப் கோப்பு' பொதுச்சொல். அதைச் சுருக்கவும் விரிக்கவும் விற்கப்படும் மென்பொருள்களின் பெயர்கள் அப்படியல்ல.

விக்கி என்ற சொல்லின் பிறப்பு எனக்கு மிகவும் பிடித்தது. ஹவாய் மொழியில் 'விக்கி' என்றால் விரைவு. ஹொனலுலு விமான நிலையத்தில் முனையங்களுக்கு இடையே ஓடிய பஸ்ஸின் பெயரில் இருந்து அதை எடுத்து, யாரும் திருத்தக்கூடிய தன் இணையதளத்துக்கு 1995-இல் வைத்தார் வார்ட் கன்னிங்ஹாம். அது ஒரு வகைத் தளத்துக்கான பொதுப்பெயரானது. 2001-இல் வந்த விக்கிப்பீடியா அந்த வகையில் ஒரு தளம்; அது விக்கிமீடியா அறக்கட்டளையின் வணிகக்குறி, அதாவது அதற்கே உரிமையான பெயர். நாமோ 'விக்கியில் பார்த்தேன்' என்று எழுதுகிறோம். பொதுப்பெயரைச் சிறப்புப் பெயராகச் சுருக்கிவிடுகிற எதிர்த்திசைப் பயணம் இது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், விக்சனரியும், விக்கிமூலமும் தனித்தனித் திட்டங்கள். எதில் பார்த்தீர்கள் என்று முழுப்பெயரோடு எழுதுங்கள்.

இதே எதிர்த்திசைப் பயணத்தால் எழுந்த பெரிய வழக்கு ஒன்றும் உண்டு. 'விண்டோஸ்' என்பது மைக்ரோசாஃப்ட் வரும் முன்பே, திரையில் திறக்கும் சாளரங்களுக்குக் கணினித் துறையில் வழங்கிய பொதுச்சொல். 1985 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் பொருளுக்கு அந்தப் பெயரை வைத்தது. 2001-இல் லிண்டோஸ் என்ற நிறுவனத்தின் மீது பெயர் உரிமை வழக்குத் தொடுத்தபோது, 1985-க்கு முன் அந்தச் சொல் பொதுச்சொல்லாக இருந்ததா என்ற கேள்வியே நடுவில் வந்து நின்றது. கடைசியில் 2004-இல் மைக்ரோசாஃப்ட் 2 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. லிண்டோஸ் தன் பெயரை லின்ஸ்பயர் என்று மாற்றிக்கொண்டது. தமிழில் இந்தக் குழப்பமே இல்லாமல் எழுத நமக்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது: திரையில் திறப்பது சாளரம், இயங்குதளம் விண்டோஸ். பாடநூல் எழுதுபவர்கள் சிலர் இயங்குதளத்தையே 'சாளரம்' என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மாணவர் கடையில் போய்ச் சாளரம் கேட்க மாட்டார்.

அலுவலகச் சொற்களில் இரண்டு உங்களை அதிகம் சோதிக்கும். எக்செல் என்பது பொருளின் பெயர்; அது செய்யும் வேலை விரிதாள். பவர்பாயிண்ட் என்பது பொருளின் பெயர். அது தருவது காட்சியளிப்பு, ஒவ்வொரு பக்கமும் வில்லை. பவர்பாயிண்ட்டை உருவாக்கியவர்கள் முதலில் அதற்கு 'பிரசென்டர்' என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரில் ஏற்கெனவே வேறொரு பொருள் இருந்ததால் மாற்ற வேண்டியிருந்தது. 1987-இல் வெளிவந்தது, அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. இன்று நம் கல்லூரிகளில் எந்த மென்பொருளில் செய்தாலும் அதற்கு 'பிபிடி' என்றே பெயர். கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்த மூன்று எழுத்துகள் ஒரு சொல்லாக எழுந்து நடக்கின்றன. பேச்சில் நடக்கட்டும். 'மாணவர்கள் பிபிடி கொண்டுவர வேண்டும்' என்று சுற்றறிக்கையில் எழுதினால், இலவச மென்பொருளில் செய்யும் பிள்ளை தன் கோப்பு ஏற்கப்படுமா என்று கவலைப்படும். 'காட்சியளிப்பு வில்லைகள், பிடிஎஃப் கோப்பாகவும் தரலாம்' என்று எழுதுங்கள், கவலை தீர்ந்தது.

மூன்றாம் படி: வினையை நம்மிடம் வைத்துக்கொள்ளுங்கள்

அடோபி தன் வணிகக்குறி விதிகளில், பெயரை வினையாக்காதீர்கள் என்று கேட்கிறது. படம் போட்டோஷாப் செய்யப்பட்டது என்று எழுதாதீர்கள், 'அடோபி போட்டோஷாப் மென்பொருளைக் கொண்டு படம் மெருகேற்றப்பட்டது' என்று எழுதுங்கள் என்பது அவர்களின் எடுத்துக்காட்டு. ஆங்கிலத்தில் இது நாக்கில் ஒட்டாத வாக்கியம் என்று பலரும் எரிச்சல்பட்டார்கள். அதே வாக்கியத்தைத் தமிழில் படித்துப் பாருங்கள். எந்த இடறலும் இல்லை. நம் மொழி இயல்பாகவே அப்படித்தான் நடக்கிறது.

ஆங்கிலத்தில் எந்தப் பெயர்ச்சொல்லையும் அப்படியே தூக்கி வினையாக நிறுத்திவிடலாம். தமிழில் அது முடியாது. பெயருக்குப் பின்னால் ஒரு துணை வினை வந்தே தீர வேண்டும். 'கூகுளினேன்' என்று யாரும் சொல்வதில்லை. அந்தத் துணை வினையாகச் 'செய்' என்ற வெறும் சொல்லைப் போடுவதற்குப் பதிலாக உருபையும் உண்மையான வினையையும் போடுங்கள். அவ்வளவுதான் நுட்பம். கூகுள் செய்தேன் என்பது கூகுளில் தேடினேன் ஆகும். வாட்ஸ்அப் செய்கிறேன் என்பது வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் ஆகும். ஸூம் செய்யலாம் என்பது காணொலியில் பேசலாம் ஆகும். கேமராவில் உருவத்தைப் பெரிதாக்குவதற்கும் ஸூம் என்றே சொல்வதால், உருபு இல்லாத இடத்தில் எந்த ஸூம் என்ற ஐயமும் கூடவே வரும்.

'இல்' என்ற உருபு பெயரை ஓர் இடமாக்கிவிடுகிறது. கூகுள் என்பது போய்த் தேடும் இடம். தேடுவது நாம் செய்யும் செயல். பெயர் பெயராகவே நிற்கிறது, செயல் தமிழாகவே நிற்கிறது. நாளை வேறு தேடுபொறி வந்தால் இடத்தின் பெயரை மட்டும் மாற்றினால் போதும். இதை யாரும் சட்டம் போட்டுச் சொல்லித் தரவில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் 'கூகுளில் போட்டுப் பார்' என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் 'போட்டுப் பார்' எவ்வளவு அழகான வினை! 'கூகுள் செய்' என்பது மொழிபெயர்ப்பு மேசையில் பிறந்த சொல் என்பதே என் கணிப்பு.

கூகுள் வினையானதற்கு வெளியாரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. நிறுவனம் பதிவாவதற்கு முன்பே, 1998 ஜூலையில், அதன் நிறுவனர்களில் ஒருவரான லாரி பேஜ் நண்பர்களுக்கு எழுதிய மடலில் தொடர்ந்து கூகுளிங் செய்யுங்கள் என்ற பொருளில் முடித்திருந்தார். 2006-இல் ஆக்ஸ்ஃபோர்டு, மெரியம்-வெப்ஸ்டர் ஆகிய இரு அகராதிகளும் அந்த வினையைச் சேர்த்துக்கொண்டன. அதே ஆண்டில், எங்கள் தளத்தில் தேடுவதற்கு மட்டும் அந்தச் சொல்லைப் பயன்படுத்துங்கள் என்று கூகுள் கேட்டுக்கொண்டது.

நான்காம் படி: சட்டத்தை அஞ்சாமல், அறிந்து வையுங்கள்

புதியவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான்: பெயரைப் பொதுச்சொல்லாக எழுதினால் வழக்கு வருமா?

நிறுவனங்கள் வெளியிடும் பெயர்ப் பயன்பாட்டு விதிகள் சட்டங்கள் அல்ல, வேண்டுகோள்கள். அவர்களோடு ஒப்பந்தத்தில் இருப்பவர்களைத்தான் அவை கட்டுப்படுத்தும். நீங்கள் ஒரு நிறுவனத்தின் செயலியையே மொழிபெயர்க்கிறீர்கள் என்றால் அவர்களின் விதிப்புத்தகம் உங்களுக்கு வேதம். செய்திக் கட்டுரை எழுதுகிறீர்கள் என்றால் அது தகவல் மட்டுமே. நான் மேலே சொன்ன கட்டுப்பாடுகள் எல்லாம் வாசகருக்காக; நிறுவனத்தின் சொத்தைக் காப்பது நம் வேலை அல்ல.

அவர்கள் ஏன் பதறுகிறார்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு வணிகக்குறி மக்கள் மனத்தில் ஒரு நிறுவனத்தின் பொருளைக் குறிப்பதை விட்டுவிட்டு அந்த வகைப் பொருள் முழுவதையும் குறிக்கத் தொடங்கிவிட்டால், அந்த உரிமையே போய்விடலாம். ஆஸ்பிரின் 1921-இல் அப்படித்தான் பேயர் நிறுவனத்தின் கையை விட்டுப் போனது. எஸ்கலேட்டர் 1950-இல் ஓடிஸ் நிறுவனத்தை விட்டுப் போனது. ஓடிஸே தன் விளம்பரங்களில் அதைப் பொதுச்சொல்லாகப் பயன்படுத்தியிருந்தது அதற்கு எதிரான சான்றானது.

மென்பொருளில் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்தித்தது கூகுள் வழக்கு. கிறிஸ் கில்லெஸ்பி என்பவர் கூகுள் என்ற சொல்லை உள்ளடக்கிய 763 இணைய முகவரிகளைப் பதிவு செய்தார். அவை பறிக்கப்பட்டதும், கூகுள் என்பது இணையத்தில் தேடுவதற்கான பொது வினையாகிவிட்டது, எனவே குறியை ரத்துசெய்ய வேண்டும் என்று அவரும் டேவிட் எலியட்டும் வாதிட்டனர். 2017 மே மாதத்தில் அமெரிக்காவின் ஒன்பதாவது மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மக்கள் ஒரு பெயரை வினையாகப் பயன்படுத்துவதாலேயே அது பொதுச்சொல்லாகிவிடாது. தேடுபொறிகள் எல்லாவற்றுக்குமே கூகுள் என்று பெயர் என மக்கள் நினைக்கிறார்களா என்பதே கேள்வி என்றது. நினைக்கவில்லை. 'கூகுள் செய்' என்று சொல்பவருக்கும் கூகுள் ஒரு நிறுவனம் என்பது நன்றாகத் தெரியும். அந்த ஆண்டே உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டை எடுக்க மறுத்துவிட்டது.

இந்தத் தீர்ப்பு நமக்குத் தருவது நல்ல உரைகல். ஒரு வகைப் பொருள் முழுவதையும் குறிக்க மக்கள் அந்தப் பெயரைச் சொல்கிறார்களா என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் 'இங்கே ஜெராக்ஸ் எடுக்கப்படும்' என்று பலகை வைத்த கடையில் என்ன இயந்திரம் இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. இலங்கைத் தமிழர் போட்டோகொப்பி என்கிறார்கள். ஒரே மொழியில் கடலுக்கு இந்தப் பக்கம் வகையின் பெயர், அந்தப் பக்கம் வெறும் நிறுவனப் பெயர். உங்கள் எழுத்து இரு கரைக்கும் போகிறதென்றால் 'நகல் எடுக்க' என்று எழுதுங்கள்.

சட்டத்துக்கு அப்பால் சுவீடனில் நடந்தது ஒன்று. அங்குள்ள மொழி மன்றம் ஆண்டுதோறும் புதுச் சொற்களின் பட்டியல் வெளியிடும். 2012-ஆம் ஆண்டுப் பட்டியலில், தேடுபொறியில் தேடிக் கண்டுபிடிக்க முடியாததைக் குறிக்கும் 'ஊகூக்லபார்' என்ற சொல் இருந்தது. விளக்கத்தில் கூகுளில் தேடுவதை மட்டும் குறிப்பதாக மாற்றச் சொல்லி நிறுவனம் வற்புறுத்தியது. மக்கள் பேசாத பொருளை எழுத மாட்டோம் என்று மன்றம் 2013-இல் அந்தச் சொல்லையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, எடுத்த காரணத்தையும் வெளிப்படையாகச் சொன்னது. சொல் அதோடு அழியவில்லை; முன்பைவிடப் பலருக்குத் தெரிந்தது. அகராதி வேலைக்கு வருபவர்கள் இந்த மன்றத்தின் நேர்மையைக் கற்க வேண்டும். மக்கள் எப்படிச் சொல்கிறார்களோ அப்படிப் பதிவது அகராதி. வாசகருக்குச் சரியாகப் போய்ச்சேரும்படி எழுதுவது செய்தி. இரண்டுக்கும் அளவுகோல் வேறு.

ஐந்தாம் படி: பணம் என்றால் இரு மடங்கு கவனம்

எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடையில், பிஸ்கட் புட்டிகளுக்கு நடுவே சாய்த்து வைத்திருக்கும் அட்டையில் ஒரு நிறுவனத்தின் சின்னம். பணம் கொடுப்பவரின் செல்பேசியில் திறந்திருப்பது இன்னொரு நிறுவனத்தின் செயலி. அவர் சொல்வதோ, "ஜிபே செய்துவிட்டேன் அண்ணா." மேலே அடுக்கில் இருக்கும் சிறு பெட்டி, பன்னிரண்டு ரூபாய் வந்ததாக அறிவிக்கிறது. கடைக்காரர் தலையசைக்கிறார். யாருக்கும் எந்தக் குழப்பமும் இல்லை.

இதற்கு அடியில் ஓடுவது யுபிஐ. இந்திய தேசியப் பணம் செலுத்துகைக் கழகம் 2016-இல் தொடங்கிய பொதுவழி அது. எந்த வங்கிக் கணக்கிலிருந்தும் எந்தக் கணக்குக்கும், எந்தச் செயலி வழியாகவும் பணம் போகலாம் என்பதே அதன் அமைப்பு. கூகுள் 2017 செப்டம்பரில் தேஸ் என்ற பெயரில் இதற்குள் வந்தது; 2018 ஆகஸ்டில்தான் கூகுள் பே என்று பெயர் மாற்றியது. பேச்சில் அதன் சுருக்கமே ஜிபே. அதற்கும் முன்னால் 'பேடிஎம் கரோ', அதாவது பேடிஎம் செய்யுங்கள், என்று விளம்பரத்திலேயே தன் பெயரை வினையாக்கி ஊரெங்கும் பரப்பியது பேடிஎம். ஒரு நிறுவனம் வேண்டாம் என்று தடுப்பதை இன்னொரு நிறுவனம் வேண்டும் என்று விளம்பரம் செய்து கேட்கிறது. இத்தனைக்கும் நம் ஊர் வாயில் நிலைத்தது ஜிபே.

தேநீர்க் கடையில் எந்தக் குற்றமும் இல்லாத இந்தச் சொல், செய்தியில் எழுதும்போது மூன்று இடங்களில் கெடுதல் செய்யும். முதலில், மோசடிச் செய்தி. 'ஜிபே மூலம் 80 ஆயிரம் ரூபாய் மோசடி' என்று எழுதினால், அந்தச் செயலியில்தான் ஓட்டை என்று வாசகர் நினைப்பார். அது வைத்திருப்பவர் பயப்படுவார், வேறு செயலி வைத்திருப்பவர் தனக்கு ஆபத்து இல்லை என்று அலட்சியமாக இருப்பார். இரண்டாவது நினைப்பு இன்னும் ஆபத்தானது. அடுத்து, புகார் வழிகாட்டுதல். பணம் பாதியில் நின்றுவிட்டால், செலுத்தியவர் தான் பயன்படுத்திய செயலியிலோ தன் வங்கியிலோ புகார் பதிய வேண்டும். எதிரில் இருந்த அட்டையின் நிறுவனத்திடம் போனால் நாள்தான் வீணாகும். எனவே 'நீங்கள் பயன்படுத்திய யுபிஐ செயலியில்' என்று எழுதுங்கள். கடைசியாக, அயல்நாட்டு வாசகர். சிங்கப்பூர்த் தமிழருக்குப் பணம் அனுப்புவது பேநவ். அவரிடம் 'ஜிபே செய்யுங்கள்' என்றால் எதைச் சொல்கிறீர்கள் என்று திரும்பக் கேட்பார்.

ஆகவே: பொதுவாகப் பேசும்போது 'யுபிஐ வழியாக' அல்லது 'செல்பேசி வழியாகப் பணம் செலுத்தி'. குறிப்பிட்ட செயலி சம்பந்தப்பட்டது உறுதியானால் மட்டும் அதன் பெயர்.

ஆறாம் படி: பேசுபவரைப் பேச விடுங்கள்

மேற்கோளில் கை வைக்காதீர்கள். கடைக்காரர் ஜிபே என்றால் ஜிபே என்றே இருக்கட்டும். அடுத்த வாக்கியத்தில் உங்கள் குரலில் யுபிஐ என்று தெளிவாக்குங்கள். கதை உரையாடலிலும் அப்படியே. பாத்திரத்தின் வாயில் 'நிழற்பிரதி எடுத்து வா' என்று திணித்தால் பாத்திரம் செத்துவிடும்.

ஏழாம் படி: தமிழாக்கிய பெயர்கள்

முகநூல் நிலைத்துவிட்டது, எழுதலாம். அது பேஸ்புக்கை மட்டுமே குறிக்கிறது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. எல்லாத் தளங்களையும் சேர்த்துச் சொல்ல சமூக ஊடகம் என்ற தனிச்சொல் இருப்பதால் இரண்டும் மோதிக்கொள்வதில்லை. வாட்ஸ்அப்புக்குப் புலனம் என்று எழுதுபவர்களின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் செயல்முறை வழிகாட்டிகளில் அதைப் பயன்படுத்துவதில்லை. செல்பேசித் திரையில் இருக்கும் பெயரும் நீங்கள் எழுதும் பெயரும் ஒன்றாக இருந்தால்தான் புதியவர் விரல் வைக்க முடியும். என் முயற்சியை நான் செயல்களுக்குத் தமிழ் தருவதில் செலவிடுகிறேன்: பகிர், பதிவிடு, தரவிறக்கு, பின்தொடர். நிறுவனங்கள் பெயர் மாற்றினாலும் இந்த வினைகள் நிற்கும்.

அப்படி மாற்றத்தான் செய்கின்றன. ட்விட்டர் 2023 ஜூலையில் எக்ஸ் ஆனது. ட்வீட் என்ற சொல்லை ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 2013-இல், பத்து ஆண்டு வழக்கில் இருக்க வேண்டும் என்ற தன் விதியைத் தளர்த்திச் சேர்த்திருந்தது. பத்தே ஆண்டில் அந்த வினைக்கு வீடு இல்லாமல் போனது. 'எக்ஸ் தளத்தில் பதிவிட்டார்' என்று எழுதுங்கள். 2023-க்கு முந்தைய நிகழ்வு என்றால் ட்விட்டர் என்றே விடுங்கள்.

எட்டாம் படி: சொல்லேடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்

ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு பெயருக்கும் நான்கு விவரம் எழுதுங்கள்: எழுத்துக்கூட்டல், யாருடைய பொருள், அது செய்யும் வேலைக்குத் தமிழ்ச்சொல், கடைசியாகச் சரிபார்த்த தேதி. எழுத்துக்கூட்டலை ஒருமுறை முடிவு செய்தால் மாற்றாதீர்கள். ஒரே கட்டுரையில் வாட்ஸ்அப், வாட்ஸப், வாட்சாப் மூன்றும் வந்தால் மூன்று செயலிகள் என்று நினைக்கும் வாசகர் உண்மையிலேயே இருக்கிறார். தேதியை விட்டுவிடாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏட்டைப் புரட்டினால் ஏதாவது ஒன்று மாறியிருக்கும்.

என் ஏட்டிலிருந்து இரண்டு பதிவுகள்:

"ஸ்கைப். 2003-இல் தொடங்கியது. 2011 முதல் மைக்ரோசாஃப்ட். வேலை: இணையவழி அழைப்பு. 2025 மே 5 அன்று மூடப்பட்டது. பழைய செய்திகளில் 'ஸ்கைப்பில் பேசினார்' என்பதை மாற்ற வேண்டாம். புதிய வழிகாட்டிகளில் எங்காவது இருந்தால் எடுக்கவும்."

"ஸூம். வேலை: காணொலிக் கூட்டம். கூட்ட எண்: இலக்கங்கள் மட்டும். அறிவிப்பு வந்தால் நடத்துபவரை அழைத்து எந்தச் செயலி என்று கேட்டுவிட்டு எழுதவும்."